எஸ்கியூஎல்லில் (தரவுத்தளத்தில் தகவல் கேட்கும் மொழி) கவுன்டுக்குள் கேஸ் போட்டால் எல்லா வரியும் எண்ணப்படுதே?

கேள்வி: வெள்ளவத்தை, கொட்டாஞ்சேனை கிளைகளின் பில் எல்லாம் ஒரே டேபிளில். கட்டாததை மட்டும் கிளைவாரியா எண்ண, வரிகளை எண்ணும் கவுன்டுக்குள் நிபந்தனை பார்க்கும் ‘கேஸ் வென் நிலை = 'நிலுவை' தென் 1 எல்ஸ் 0 எண்ட்’ எழுதினேன். வெள்ளவத்தையில் நிலுவை 7தான், 40 வருது. ஏன் அண்ணாமார்?

பதில்: தம்பி, கவுன்ட் ‘நல்’ (பெறுமதியே இல்லாத வெற்றிடம்) அல்லாத எதையும் எண்ணும், 0வும் ஒரு பெறுமதிதானே. ‘எல்ஸ் 0’ஐத் தூக்கிவிடுங்கோ. பொருந்தாத வரிக்கு ‘நல்’ வரும், 7 கிடைக்கும். இல்லாட்டி கவுன்டை, பெறுமதிகளைக் கூட்டும் சம் ஆக்குங்கோ.

பதில்: சம் என்றால் ‘எல்ஸ் 0’ கட்டாயம் இருக்கவேணும். இல்லாட்டி நிலுவையே இல்லாத கிளைக்கு 0 வராது, ‘நல்’தான் வரும்.

பதில்: நிலை ‘நல்’லாக இருக்கும் வரிகளுமிருந்தால் கவனம். ‘கேஸ் நிலை வென் நல்’ ஒருநாளும் பொருந்தாது, பிழையும் காட்டாது. ‘கேஸ் வென் நிலை இஸ் நல்’ என்று எழுதுங்கோ.