மறுமொழி: 'ஃபைனல் கேர்ள்' என்பதற்கு 'எஞ்சியவள்' என்று வைப்போம்

> 'வாகைமகள்' என்று வைத்தால் பெண்ணின் ஆற்றலும் தெரியும், கேட்கவும் நன்றாக இருக்கும்.

எல்லோருக்கும் வணக்கம். கொலைகாரன் ஒருவன் ஒவ்வொருவராகக் கொன்றுகொண்டு போகும் 'ஸ்லாஷர்' திகில் படங்களில் கடைசியில் உயிரோடு மிஞ்சும் பெண்ணைத்தான் ஆங்கிலத்தில் 'ஃபைனல் கேர்ள்' என்கிறார்கள், நம் கலைச்சொல் பட்டியலுக்கு அதற்கொரு தமிழ்ச்சொல் தேடுகிறோம். அண்ணா, கேட்க நன்றாகத்தான் இருக்கிறது, ஆனால் எனக்கு இதில் உடன்பாடில்லை. 1978இல் வந்த 'ஹலோவீன்' படத்தின் முடிவை இன்னொருமுறை பாருங்கள். ஏறத்தாழ 3 லட்சம் டொலரில் எடுத்த சின்னப் படம். கதாநாயகி லோரி முதலில் பின்னல் ஊசியால் கொலைகாரனின் கழுத்தில் குத்துகிறாள், பிறகு உடுப்பு அலுமாரிக்குள் ஒடுங்கிக்கொண்டு சட்டை கொழுவும் கம்பியை நிமிர்த்தி அவன் கண்ணில் ஏற்றுகிறாள், அவன் கைதவறவிட்ட கத்தியையே எடுத்து அவனுக்குக் குத்துகிறாள். வீட்டுச் சாமான்தான் ஆயுதம். இவ்வளவும் செய்தபிறகும் அவனைச் சுட்டு விழுத்துவது துப்பாக்கியோடு வந்துசேர்ந்த ஆண் வைத்தியர். 1974இன் 'டெக்சாஸ் செயின்சோ' படத்தில் சாலி உடம்பெல்லாம் இரத்தத்தோடு ஒரு பிக்கப் வண்டியின் பின்பக்கம் ஏறித் தப்புகிறாள், சிரிப்பா அழுகையா என்று பிரிக்கமுடியாத ஒரு சத்தத்தோடு. வாகை சூடியவளின் முகமா அது?

ஆங்கிலச் சொல்லை 1987இல் ஒரு கட்டுரையில் கொண்டுவந்தவர் கரோல் குளோவர், பழைய ஸ்கண்டிநேவிய இலக்கியத்தில் துறைபோனவர். அவர் இந்தப் பெண்ணைப் பெண்விடுதலையின் வெற்றியாகக் கொண்டாடவில்லை. இந்தப் படங்களுக்குக் கூடுகிறவர்களில் பெரும்பாலானோர் இளம் ஆண்கள். கமரா முதலில் கொலைகாரனின் கண்ணாக நின்று பெண்களைத் துரத்துகிறது, போகப்போக அவள் பக்கம் மாறுகிறது, பார்க்கிற பொடியனும் அவளுடைய பயத்தைத் தன் பயமாக எடுத்துக்கொள்கிறான், அதற்குத் தோதாகத்தான் அவளைக் கொஞ்சம் ஆண்பிள்ளைபோல, காதல் விவகாரம் இல்லாதவளாகப் படைத்திருக்கிறார்கள் என்பது அவர் வாதம். காதலனோடு ஒதுங்கியவள் வெட்டுப்படுவாள், அடக்கமானவள் பிழைப்பாள் என்ற கணக்கு இதற்குள் ஓடுகிறது. பெண்ணின் பலமும் பெண்வெறுப்பும் ஒரே உருவத்தில் கிடக்கின்றன. ஒன்றை மட்டும் சொல்லும் கலைச்சொல் மற்றதை மூடிவிடும், அதுதான் என் பயம்.

'கடைசிப் பெண்' சரிவராது, இளைய மகள் என்றுதான் வாசிப்பார்கள்.

'மீண்டவள்' நல்ல சொல், ஆனால் அது வேறொருத்திக்கு உரியது. நம்முடைய குறைந்த செலவுப் பேய்ப்படங்களை நினைத்துப் பாருங்கள்: ஒருத்தியைக் கெடுத்துக் கொன்றுவிடுவார்கள், அவள் பேயாகித் திரும்பிவந்து ஒவ்வொருவனாகப் பழிவாங்குவாள், கடைசியில் ஒரு மந்திரவாதியோ சாமியாரோ வந்து அடக்குவார். பெண்ணுக்குப் பலம் வேண்டுமென்றால் அவள் முதலில் சாகவேண்டும். மீண்டவள் என்று அவளைச் சொன்னால் அச்சாகப் பொருந்தும், தனிப்பதிவாகவே போடலாம். நாம் பேசுகிறவள் சாகாதவள்.

கண்ணகியின் பெயரைச் சேர்க்கக் கேட்ட தம்பிக்கும் ஒரு வார்த்தை. இங்கே இலங்கையின் கிழக்கில் வைகாசிச் சடங்கு முடிவில் கண்ணகை அம்மனின் கோபத்தைக் குளிரவைக்கக் குளிர்த்தி செய்கிறோம். அவள் கோபம் நியாயமானது என்று ஊரே ஒப்புக்கொண்டு, பிறகுதான் தணியச் சொல்லிக் கும்பிடுகிறது. திருகோணமலை பத்திரகாளி கோயில் வாசலில் நிற்கிற பெண்ணுக்கும் அம்மனின் உக்கிரம் என்றால் என்னவென்று யாரும் விளக்கத் தேவையில்லை. இந்தப் படங்களில் அந்த மரியாதை கிடையாது. ஒன்றரை மணித்தியாலம் ஓடவிட்டு, கதறவிட்டு, கடைசிச் சில நிமிடத்துக்கு மட்டும் அவளுக்குக் கோபப்பட அனுமதி கொடுக்கிறார்கள்.

> எஞ்சியவர் என்பது போருக்கும் சுனாமிக்கும் பிறகு நாம் எழுதிய சொல், அதைக் கத்திப் படத்துக்குக் கொடுக்க மனம் வரவில்லை.

அக்கா, இந்தத் தயக்கத்தை நான் இலேசாக எடுக்கவில்லை, நிலாவெளிப் பக்கம் உறவுகளைப் பறிகொடுத்த வீடுகள் எனக்கும் தெரியும். ஆனால் அந்தச் சொல்லை நான் பிடித்துக்கொண்டு நிற்பதற்குக் காரணமும் அதுதான். எஞ்சியவள் என்றவுடன், மற்றவர்கள் எங்கே என்ற கேள்வி கூடவே வருகிறது. 'வாகைமகள்' என்றால் அந்தச் செத்த பெண்களை யாரும் கேட்கமாட்டார்கள்.

இன்னொரு வசதி, பன்மை. ரீட்டா மே பிரவுன் எழுதி ஏமி ஹோல்டன் ஜோன்ஸ் இயக்கிய 1982ஆம் ஆண்டுப் படமான 'ஸ்லம்பர் பார்ட்டி மாசக்கர்' முடிவில் ஒருத்தி மட்டும் மிஞ்சவில்லை. பெண்கள் சேர்ந்து எதிர்க்கிறார்கள், கொலைகாரனின் நீண்ட துளைகருவியையே ஒருத்தி வெட்டி முறிக்கிறாள். (பெண்கள் எழுதி இயக்கிய அந்தப் படத்திலும் குளியலறைக் காட்சியில் கமரா உடம்பை மேய்வதை என்னால் மன்னிக்க முடியவில்லை.) அவர்களை 'எஞ்சியவர்கள்' என்று எளிதாக எழுதலாம்.

ஆகவே தலைச்சொல்லாக 'எஞ்சியவள்', விளக்கத்தில் இப்படி: 'வெட்டுக்குத்துத் திகில் படங்களில், மற்றவர்கள் கொல்லப்பட்டபின் கொலைகாரனை நேர்கொண்டு உயிரோடு மிஞ்சும் பெண் பாத்திரம்.' 'ஸ்லாஷர்' என்பதற்கு நான் போட்ட 'வெட்டுக்குத்து' எனக்கே அரைமனம்தான், அடிதடிப் படத்தோடு குழம்பும். அதற்கு நல்ல சொல் வைத்திருப்பவர்கள் தனி இழையில் எழுதுங்கள்.