இசிஜி நார்மல் என்று வந்த பிறகும் ஹோல்டர் எதற்கு?

மாடுங்காக்காரன்:
அப்பாவுக்கு 64 வயது. சர்க்கரை இல்லை, பிரஷருக்கு மாத்திரை சாப்பிடுகிறார். கொஞ்ச நாளாகத் திடீர் திடீரென்று நெஞ்சு படபடவென அடித்துக்கொள்கிறது என்கிறார். போன வாரம் தாதர் ஸ்டேஷன் பாலத்துப் படியில் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றுவிட்டார், அப்புறம் தானாகச் சரியாகிவிட்டது. டாக்டரிடம் இசிஜி எடுத்தோம், தாளின் மேலே மெஷினே நார்மல் என்று அச்சடித்திருக்கிறது. ஆனாலும் எக்கோ (இதயத்தை ஸ்கேன் செய்வது) எடு, 24 மணி நேர ஹோல்டர் (உடம்பில் மாட்டிக்கொண்டே இசிஜியைப் பதிவு செய்யும் சின்ன மெஷின்) மாட்டு என்கிறார் டாக்டர். "நார்மல்னு வந்தாச்சு, இன்னும் எதுக்குக் காசைக் கொட்டணும்" என்று அப்பா பிடிவாதம். எனக்கும் அவர் பக்கம் நியாயம் இருப்பதாகத்தான் படுகிறது. இசிஜியில் தெரியாதது அப்படி என்ன தெரியப்போகிறது?

சயான் டெக்னீஷியன்:
ஆஸ்பத்திரியில் இசிஜி எடுப்பதுதான் என் வேலை. அந்தத் தாளை எடுத்துப் பாருங்கள். நொடிக்கு 25 மில்லிமீட்டர் வேகத்தில் ஓடும், ஒரு பெரிய கட்டம் என்றால் 0.2 நொடி. முழுத் தாளும் சேர்ந்து சுமார் 10 நொடிதான், அதற்குள் அப்பாவின் இதயம் ஒரு டஜன் தடவை துடித்திருக்கும். படபடப்பு அந்த நேரத்தில் வரவில்லை என்றால் தாளில் எப்படி வரும்? அவர் பெட்டில் படுத்திருந்தபோது நார்மல், அவ்வளவுதான் அதற்கு அர்த்தம்.

இசிஜி உபயோகமில்லை என்று சொல்லவில்லை. சின்ன மேடு பி, மேல் அறைகளுக்கு மின்சாரம் பரவுவது. குத்தாக நிற்கும் க்யூஆர்எஸ் கீழ் அறைகளுடையது, டி என்பது அவை அடுத்த துடிப்புக்குத் தயாராவது. பி-க்கும் க்யூஆர்எஸ்ஸுக்கும் இடைவெளி நீண்டால், அல்லது சில பி-க்குப் பின்னால் ஒன்றுமே வராமல் போனால், வழியில் தடை இருக்கிறது, சிலருக்கு பேஸ்மேக்கர் வரை போகும். கிட்னி பழுதானவருக்கு டி கூடாரம் மாதிரி கூராக எழும்பினால் பொட்டாசியம் ஏறியிருக்கலாம் என்று ரத்த ரிப்போர்ட் வருவதற்கு முன்பே டாக்டர் உஷாராகிவிடுவார். கரண்ட் உடம்புக்குள் போகிறது என்று பயப்படுகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். மெஷின் எதையும் அனுப்பாது, இதயம் உண்டாக்கும் ஒரு மில்லிவோல்ட் அளவு சமாச்சாரத்தைத் தோலிலிருந்து பிடித்து வரைகிறது.

இன்னொன்று, மெஷின் அச்சடிப்பதை வேதவாக்காக எடுத்துக்கொள்ள வேண்டாம். வலது கை இடது கை வயரை மாற்றி மாட்டினால் ஒன்றாம் லீட், அதாவது இரண்டு கைகளுக்கும் இடையே பார்க்கும் கோணம், தலைகீழாக வரும், மெஷின் அதையும் ஏதோ வியாதி என்று எழுதும். ஏசி குளிரில் ஆள் நடுங்கினால் கோடெல்லாம் புழுவாக நெளியும்.

செம்பூர் அக்கா:
எங்கள் அம்மாவுக்கு இதே கதை. இசிஜி எடுத்தபோதெல்லாம் நார்மல், ஒரு டாக்டர் மனப்பதற்றம் என்று தூக்கமாத்திரை எழுதினார். கடைசியில் ஹோல்டர் மாட்டியதில் விடியற்காலையில் ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் வந்துபோவது தெரிந்தது. மேல் அறைகள் ஒழுங்காகச் சுருங்காமல் நடுங்குவதால் அங்கே ரத்தம் தேங்கி உறைகிறது, அந்தக் கட்டி மூளைக்குப் போனால் பக்கவாதம். இப்போது ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை. அப்பாவுக்கும் இதுதான் என்று சொல்லவில்லை, ஆனால் இந்த வயதில், பிரஷரும் இருக்கும்போது, தேடிப் பார்ப்பதில் தப்பில்லை. மாட்டியிருக்கும்போது குளிக்கக் கூடாது, மற்றபடி வழக்கம்போல நடமாட வேண்டும். படபடப்பு வந்த மணியைக் குறித்துவைக்கச் சொல்லுங்கள், அந்தக் குறிப்பு இல்லாவிட்டால் பாதி பயன் போச்சு.

கோலிவாடா பையன்:
இசிஜி எடுக்கிற வாட்ச் வாங்கிக் கொடுத்தால் ஆகாதா?

சயான் டெக்னீஷியன்:
படபடப்பு வரும்போது விரலை வைத்து 30 நொடி எடுத்தால் டாக்டருக்கு நிஜமாகவே உதவும், கேலி செய்ய மாட்டேன். ஆனால் அது ஒரே ஒரு கோணம். நாங்கள் மார்பில் ஆறு, கை காலில் நான்கு ஒட்டி 12 கோணத்தில் பார்க்கிறோம். ஹார்ட் அட்டாக்கை வாட்ச் கண்டுபிடிக்காது. அட்டாக்கிலேயே முதல் இசிஜி சுத்தமாக இருப்பதுண்டு, அதனால்தான் திரும்பத் திரும்ப எடுத்து இதயத் தசை சேதத்தைக் காட்டும் ட்ரோபோனின் ரத்தப் பரிசோதனையும் செய்கிறார்கள். நெஞ்சை அழுத்தும் வலியும் வியர்வையும் வந்தால் வாட்சைப் பார்த்துக்கொண்டு உட்காராமல் ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள்.

மாடுங்காக்காரன்:
சரி, ஹோல்டர் மாட்டிவிடலாம் என்று அப்பாவைச் சம்மதிக்க வைத்தாயிற்று. எக்கோவும் கட்டாயமா அண்ணா?

சயான் டெக்னீஷியன்:
முடிவு டாக்டருடையது, ஆனால் கேட்பதில் காரணம் இருக்கிறது. பல வருஷப் பிரஷரில் இடது கீழறைச் சுவர் தடித்திருந்தால் இசிஜியில் கோடு உயரமாக வரலாம், தடித்தும் வராமல் போவது சகஜம். எக்கோவில் சுவரை நேராக அளந்துவிடலாம், வால்வும் தெரியும். போகும்போது பழைய இசிஜி ஏதாவது இருந்தால் கொண்டுபோங்கள், புதிதாக என்ன மாறியது என்பது ஒப்பிட்டால்தான் தெரியும். பெரும்பாலும் அது வெப்பத்தில் அச்சாகும் தாள், நாளாக நாளாக மங்கிவிடும், இன்றைக்கே ஃபோனில் படம் எடுத்துவையுங்கள். பத்திரமாக இருக்கட்டும் என்று லேமினேட் மட்டும் செய்துவிடாதீர்கள், சூட்டில் மொத்தமும் கறுத்துப்போகும்.