ஏவுமுன் செய்யும் கலிபிரேசனுக்குத் தமிழ்: "தரை ஒப்பளவை" சரிவருமா?

எல்லோருக்கும் வணக்கம்.

தன் எக்ஸ்கதிர்த் தொலைகாட்டிக் கட்டுரையில், ஏவுமுன் தரையில் செய்யும் கலிபிரேசனுக்கு (தெரிந்த அளவோடு ஒப்பிட்டு, கருவி எப்படிக் காட்டுகிறது என்று அறிவதற்கு) என்ன தமிழ் போடலாம் என்று தம்பி கேட்டிருந்தார். அதற்கு இதுவரை மூன்று பரிந்துரைகள் வந்திருக்கின்றன: தரப்படுத்தல், அளவுகோடிடல், அளவுத்திருத்தம்.

தரப்படுத்தலை இப்போதே தள்ளிவிடலாம். எழுபதுகளில் பல்கலைக்கழக அனுமதிக்குப் புள்ளிகளை மொழிவாரியாகத் தரப்படுத்தியதற்குப் பிறகு அந்தச் சொல்லை எங்கே போட்டாலும் இலங்கை வாசகர் மனம் அங்கேதான் போகும். அளவுகோடிடல் நாங்கள் உயர்தரத்தில் படித்த நல்ல சொல். வெப்பமானியில் உருகுநிலையையும் கொதிநிலையையும் குறித்து நடுவே கோடு பிரிப்பதற்கு அதைவிடப் பொருத்தமாக ஒன்று கிடைக்காது. ஆனால் இந்தத் தொலைகாட்டியில் கோடு போட இடமே இல்லை.

அளவுத்திருத்தத்தோடுதான் எனக்குச் சண்டை. தமிழ்நாட்டு நண்பர்கள் கோபிக்க வேண்டாம். திருத்தம் என்றால் பிழையாக இருப்பதைச் சரியாக்குவது. தரையில் நடப்பது அதுவல்ல. ஒட்டி இறுகிய ஆடியை அதன்பின் யாரும் தொடுவதில்லை. அது இருக்கிறபடியே எந்தச் சக்தியில் எத்தனை போட்டோன்களை (கதிரின் துணிக்கைகளை) சேர்க்கிறது, ஒரு புள்ளியை எவ்வளவு பரப்பிக் காட்டுகிறது என்று அறிந்து எழுதிவைக்கிறார்கள். வேணியர் இடுக்கிமானியில் பூச்சிய வழு இருந்தால் (மூடியபோதும் பூச்சியம் காட்டாவிட்டால்) தாடையை அரத்தால் ராவுகிறோமா? குறித்துவைத்து வாசிப்பில் கழிக்கிறோம்.

சந்திரா என்ற எக்ஸ்கதிர் விண்தொலைகாட்டியைப் பாருங்கள். 1999 ஜூலை 23 இல் ஏவப்பட்டது. அதன் ஆடித்தொகுதியை 1996 இன் கடைசியில் தொடங்கி 1997 இன் முதல் சில மாதங்கள் வரை, அலபாமாவின் ஹன்ட்ஸ்வில்லில் உள்ள நாசாவின் மார்ஷல் நிலையத்தில் வைத்து அளந்தார்கள். ஒரு முனையில் எக்ஸ்கதிரைத் தரும் மூலம், மறுமுனையில் ஆடி, நடுவே அரைக் கிலோமீற்றருக்கு மேல் நீண்ட வெற்றிடக் குழாய். காற்று இருந்தால் மென் (சக்தி குறைந்த) எக்ஸ்கதிர் சில சென்ரிமீற்றருக்குள்ளேயே உறிஞ்சப்பட்டுவிடும்.

அத்தனை நீளம் இருந்தும் போதவில்லை என்பதுதான் சுவாரசியம். விண்மீனின் கதிர்கள் சமாந்தரமாக வரும். குழாயின் அந்தப் பக்கத்திலிருந்து வருபவை சற்று விரிந்தே வரும். உயர்தர வில்லைச் சமன்பாட்டையே போட்டுப் பாருங்கள். குவியத் தூரம் சுமார் 10 மீற்றர், பொருள் தூரம் 520 மீற்றர் சொச்சம். விம்பம் குவியத்துக்கு அப்பால் ஏறக்குறைய 20 சென்ரிமீற்றர் தள்ளி விழும். ஜேர்மனியின் மியூனிக் அருகே உள்ள பான்ரர் என்ற எக்ஸ்கதிர்ச் சோதனை நிலையத்தில் குழாய் 120 மீற்றரளவுதான். அங்கே இன்னும் தள்ளும்.

அப்புறம் ஈர்ப்பு. ஆடிகள் குழாயில் படுக்கை வாட்டில் இருக்கும். மிகப் பெரியதன் விட்டம் 1.2 மீற்றர். சொந்தப் பாரத்தில் துளியளவு தொய்யும். அரை வில்விநாடிக் (வில்விநாடி என்பது பாகையின் 3600 இல் ஒரு பங்கு) கூர்மை எதிர்பார்க்கும் கருவிக்கு அந்தத் துளியும் கணக்குத்தான். சுற்றுப்பாதையில் தொய்வு இல்லை. ஆக, விரிவையும் தொய்வையும் கணினி மாதிரியில் கழித்து, விண்ணில் எப்படி இருக்கும் என்று முன்கூட்டிச் சொல்ல வேண்டும். திருத்தம் உண்டு, அது வாசிப்புக்கு, தொலைகாட்டிக்கு அல்ல.

> மேலே போனபிறகு தெரிந்த ஒரு விண்பொருளைப் பார்த்துச் சரிபார்த்தால் போதாதா?

தெரிந்த பொருள் எது என்பதுதான் கேள்வி. வெடித்த விண்மீனின் எச்சமான நண்டு நெபுலாவை நீண்ட காலம் மாறாத விளக்காக நம்பியிருந்தார்கள். 2008 முதல் 2010 வரை அது ஏறத்தாழ 7 சதவீதம் மங்கியதாக 2011 இல் அறிக்கை வந்தது. அதனால் தனி அளவின், அதாவது விண்பொருளைச் சாராத அளவின், வேர் ஆய்வுகூடத்தில்தான் இருக்க முடியும். மேலே போனபிறகும் வேலை ஓயாது என்பது உண்மை. சந்திரா ஏவப்பட்ட சில வாரங்களிலேயே பூமியைச் சுற்றியுள்ள கதிர்வீச்சு வலயப் புரோத்தன்கள் ஆடி வழியாகவே குவிந்து உணரிகள் சிலவற்றைக் கெடுத்தன. பின்னர் உணரிகளுக்கு முன்னே கட்புல ஒளியைத் தடுக்கும் மெல்லிய வடிகட்டியின்மேல் மாசு படியத் தொடங்கியது. கூடவே அனுப்பிய இரும்பு-55 என்ற கதிர்த்தொழிற்பாட்டு மூலம் 5.9 கிலோ இலத்திரன்வோல்ற்றுச் சக்தியில் நிறமாலைக் கோடு தந்து உதவியது. அதன் அரைவாழ்வு 2.7 வருடம், ஆகவே இன்றைக்கு அதுவும் அனேகமாக ஓய்ந்துவிட்டது.

ஆகவே சோடியாக இரண்டு சொல் வேண்டும். என் பரிந்துரை: தரை ஒப்பளவை, விண் ஒப்பளவை. தெரிந்ததோடு ஒப்பிட்டு அளப்பது. வினையும் தடையில்லாமல் வரும்: ஒப்பளந்தார்கள், ஒப்பளந்த ஆடி, ஒப்பளக்காத உணரி. தரைக்குப் பதில் "நில" என்று மட்டும் போடவேண்டாம். நிலஅளவை என்றால் கொழும்பில் எல்லோரும் நாரகேன்பிட்டியில் உள்ள நில அளவைத் திணைக்களத்துக்குப் போய்விடுவார்கள்.

---

மறுமொழி:

அண்ணா, ஒப்பளத்தல் என்ற வினை நன்றாக இருக்கிறது. பெயர்ச்சொல்தான் இடிக்கிறது. சைவ சித்தாந்தம் படித்தவர்களுக்கு அளவை என்றால் அறிவைப் பெறும் வழி: காண்டல், கருதல், உரை. அந்த வரிசையில் ஒப்பும் ஓர் அளவை. "தரை ஒப்பளவை" என்றதும் எனக்கு உவமானம்தான் நினைவுக்கு வந்தது. ஒப்பளவீடு என்று வைத்தால் என்ன? அளவீடு பிள்ளைகளுக்கும் பழகிய சொல்.

---

மறுமொழி:

அக்கா, சித்தாந்தக்காரர் யாரும் வெற்றிடக் குழாய்க் கட்டுரையை உவமானத்துக்காகத் திறக்கமாட்டார்கள் என்று நினைத்தேன், நீங்கள் திறந்துவிட்டீர்கள். சரி, பெயருக்கு ஒப்பளவீடு, வினைக்கு ஒப்பளத்தல். தலைப்புக்கு எழுத்து ஒன்று கூடுகிறது, அவ்வளவுதான்.

தம்பி, கட்டுரையில் முதல் தடவை "கலிபிரேசன் எனப்படும் ஒப்பளவீடு" என்று எழுதி, அதன்பின் தமிழிலேயே போங்கள். அளவுகோடிடலை வெப்பமானிக்கும் அளவுசாடிக்கும் விட்டுவிடுங்கள். உங்கள் வரைவில் ஆடியின் பரப்பைப் பற்றிய பந்தியில் கேத்திரகணிதப் பரப்பையும் உண்மையில் போட்டோன் பிடிக்கும் பரப்பையும் ஒரே சொல்லால் எழுதியிருக்கிறீர்கள். இரண்டாவது பரப்பு, போட்டோனின் சக்தி கூடக்கூடக் குறைவது. அதற்குப் "பயன்படு பரப்பு" என்று எழுதலாமா என்பதைத் தனி இழையாகத் தொடங்குங்கள்.