பார்வைத்துண்டின் காப்புக்கு ‘விளிம்பணை’

அன்பின் நண்பர்களே,

பழைய பிலிம் கமராவில் கண்வைத்துப் பார்க்கும் பார்வைத்துண்டின் விளிம்பில், மூக்குக்கண்ணாடி கீறுப்படாதிருக்க ஒட்டும் மெல்லிய காப்பையும் ‘கண்குவளை’ என்றே அழைக்கலாம் என்ற முன்மொழிவை என்னால் ஏற்க முடியவில்லை. கண்ணைச் சுற்றி அணைந்திருக்கும் கண்குவளை பக்கவெளிச்சத்தை மறைப்பதற்கானது. மூக்குக்கண்ணாடி அணிந்தவர் அதைப் பொருத்தினால், கண் பார்வைத்துண்டிலிருந்து மேலும் விலகி, காட்சியின் மூலைகள் மறைந்துவிடுகின்றன. நாம் பெயர் தேடும் பொருளோ ஏறத்தாழ 1 மில்லிமீற்றர் தடிப்புடன், காட்சியைக் குறைக்காமல் மூக்குக்கண்ணாடியைக் காக்க வேண்டியது. எதிரெதிராகப் பயன்படும் இரண்டுக்கும் ஒரே பெயர் இடுவது வாங்குபவரைத் தவறான பொருளிடம் அனுப்பிவிடும்.

1954 இல் வெளிவந்த லைக்கா எம்3 இலும், சோவியத் தயாரிப்பான சோர்க்கி-4 இலும் பார்வைத்துண்டின் விளிம்பு வெறும் உலோகம். இன்று நாம் அணியும் பிளாஸ்டிக் வில்லைகள் பழைய கண்ணாடி வில்லைகளிலும் மென்மையானவை. கமராவை நிலைக்குத்தாகத் திருப்பும்போது அவ்விளிம்பு வில்லையின் மேல் சுழன்று, வில்போல் வளைந்த நுண்கீறல்களை விட்டுச்செல்கிறது. கொழும்பின் கடலோரக் காலிமுகத்திடலில் படமெடுப்பவர்கள் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். இடையில் அகப்படும் மணற்றுணிக்கை கண்ணாடி வில்லையையே கீறிவிடும் என்பதால், காப்பு ஒட்டியிருந்தாலும் விளிம்பைத் துடைத்துவிட்டே கண்ணருகே கொண்டுசெல்ல வேண்டும்.

‘இறப்பர் வளையம்’ என்ற பெயரும் பொருந்தாது. சைக்கிள் ரியூப்பை வெட்டி ஒட்டுபவர்கள் இருப்பதுபோலவே மெல்லிய தோலையும் கம்பளித்துணியையும் ஒட்டுபவர்கள் இருக்கிறார்கள். பென்ராக்ஸ் கே1000 இன் பார்வைத்துண்டோ செவ்வக வடிவானது, அதில் வளையத்துக்கு இடமே இல்லை. (எதை ஒட்டினாலும் சுப்பர் குளூவைத் தவிர்த்துவிடுங்கள், அதன் ஆவி பார்வைத்துண்டில் வெண்படலமாகப் படிந்துவிடும். இருபக்கமும் ஒட்டும் ரேப் போதும்.)

ஆகவே, மூலப்பொருளையோ வடிவத்தையோ சுட்டாமல், பொருத்தும் இடத்தையும் செய்யும் வேலையையும் சொல்லும் ‘விளிம்பணை’ என்ற சொல்லை முன்மொழிகிறேன். அணை என்றதும் நீர்த்தேக்கம் நினைவுக்கு வரும் என்று சிலர் கருதலாம். தலையணையும் பஞ்சணையும் அன்றாட வழக்கில் இருக்கையில் அந்த மயக்கம் நிலைக்காது. ‘விளிம்பணை ஒட்டினேன்’, ‘விளிம்பணை தேய்ந்துவிட்டது’ என்று பேச்சிலும் தடையின்றி வருகிறது.

மூக்குக்கண்ணாடியைக் கழற்றிவிட்டே பார்க்க உதவும்படி பார்வைத்துண்டில் பொருத்தும், பார்வை திருத்தும் வில்லை வேறு பொருள். அவ்வகைச் சாதாரண வில்லை, கருவிழி வளைவின் சீரின்மையால் வரும் சிதறற்பார்வையைச் சரிசெய்யாது என்பதால், அக்குறையுள்ளவர்களுக்கு விளிம்பணையே கைகொடுக்கும்.