மூச்சைக் கவனித்தால் மூச்சே முட்டுகிறது – ஆனாபானசதி சந்தேகங்கள்

வேப்பம்பூ கேட்டது:
தினமும் 20 நிமிடம் ஆனாபானசதி (இயல்பான மூச்சைக் கவனிக்கும் பௌத்த தியானம்), மூக்கு நுனியில். கவனிக்க ஆரம்பித்ததுமே மூச்சு இயல்பாக இருப்பதில்லை. நானே இழுத்து விடுவது போல் ஆகி, சில நாள் நெஞ்சு இறுகி விரல் நுனியெல்லாம் குறுகுறுக்கிறது. பத்து நிமிடத்தில் வலது கால் மரத்துவிடுகிறது. ஷிஃப்ட் முடிந்து ராத்திரி உட்கார்ந்தால் தூக்கம் சொக்குகிறது. பகலில் வேலைக்கு நடுவே இதை எப்படித் தொடர்வது என்றும் சொல்லுங்கள். "எதையும் விழிப்போடு செய்" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போகாதீர்கள், அது ஏற்கெனவே நிறைய கேட்டாச்சு.

அரசமரத்தடி:
விரல் குறுகுறுப்பை ஆன்மிக அனுபவம் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். தேவைக்கு மேல் மூச்சு வாங்குகிறீர்கள். ரத்தத்தில் கார்பன் டை ஆக்சைடு குறைந்தால் விரலும் உதட்டோரமும் குறுகுறுக்கும், தலை லேசாகும். ஆழமாக இழுக்கச் சொல்வது பிராணாயாமம். விழிப்புணர்வைப் பற்றிய புத்தரின் உரையான சதிபட்டான சுத்தம் அப்படிச் சொல்லவில்லை. நெடுமூச்சை நெடிது என்றும் குறுமூச்சைக் குறிது என்றும் அறியச் சொல்கிறது, அவ்வளவுதான்.

முதல் இரண்டு நிமிடம் மூச்சுப் பக்கமே போகாதீர்கள். உட்கார்ந்த இடம் தரையில் அழுந்துவதையும் மடியில் கையின் கனத்தையும் உணருங்கள். பிறகு வெளிமூச்சை மட்டும் கவனியுங்கள். அது முடிந்ததும் சும்மா இருங்கள், அடுத்த உள்மூச்சு தானே வரும். அதைப் போய் அழைத்து வருவதில்தான் இறுக்கமே தொடங்குகிறது.

ஒவ்வொரு வெளிமூச்சின் முடிவிலும் ஒரு எண். ஐந்துக்குக் குறையாமல், பத்தைத் தாண்டாமல் எண்ணச் சொல்கிறது ஐந்தாம் நூற்றாண்டில் அநுராதபுரத்தில் புத்தகோசர் எழுதிய விசுத்திமக்கம் என்ற பௌத்த தியான நூல். ஐந்துக்குக் குறைந்தால் நெருக்கமான தொழுவத்தில் அடைத்த மாடுகளைப் போல மனம் முட்டிமோதும். பத்தைத் தாண்டினால் மூச்சை விட்டுவிட்டு எண்ணையே பிடித்துக்கொள்ளும் என்று காரணமும் தருகிறார். எண் தவறினால் ஒன்றிலிருந்து ஆரம்பியுங்கள். எந்த எண்ணில் விட்டோம் என்று தேடிக்கொண்டிருக்க வேண்டாம்.

இன்னொன்று: மூடிய கண்ணுக்குள்ளேயே பலர் மூக்கைப் 'பார்க்கிறார்கள்'. கருவிழி உள்பக்கம் இழுபட்டு நெற்றி வலிக்கும். காற்று படும் இடத்தைத் தொடு உணர்வாக மட்டும் அறிந்தால் போதும்.

மணிமேகலை_தீவு:
நெஞ்சு இறுகுகிறவர்களுக்கு மூக்கு நுனியை விட வயிறு நல்லது என்பது என் கருத்து. பர்மாவின் மஹாசி சயாடோ வழி அதுதான்: வயிறு எழும்பும்போது "எழுகிறது", தாழும்போது "தாழ்கிறது" என்று மனதுக்குள் மெல்லக் குறிப்பது. ஆனால் இன்று மூக்கு, நாளை வயிறு என்று மாற்றிக்கொண்டே இருந்தால் இரண்டும் நிலைக்காது. ஒன்றை எடுத்து ஒரு மாதமாவது செய்யுங்கள்.

கால் விஷயம். நம் சம்மணத்தில் ஒரு கணுக்கால் மற்ற காலின் அடியில் மாட்டிக்கொள்ளும். நரம்பு அழுந்துவதால்தான் மரத்துப்போகிறது. இரண்டு கீழ்க்கால்களையும் ஒன்றின் முன் ஒன்றாகத் தரையில் படும்படி வையுங்கள். பழைய போர்வையை நான்கைந்து அங்குல உயரத்துக்கு மடித்து, அதன் முன்பாதியில் மட்டும் உட்காருங்கள். முட்டி இடுப்பை விடத் தாழ்வாக இருக்க வேண்டும். பஞ்சுத் தலையணை வேண்டாம், பத்து நிமிடத்தில் அமுங்கி உயரம் போய்விடும். முட்டி அந்தரத்தில் நின்றால் அதன் அடியில் ஒரு துண்டைச் சுருட்டி வையுங்கள். முடிந்ததும் உடனே எழாதீர்கள். மரத்த காலில் நின்றால் பாதம் மடங்கும். எழுந்த பிறகும் மரப்பு நெடுநேரம் போகாவிட்டாலோ பாதத்தைத் தூக்க வராவிட்டாலோ டாக்டரைப் பாருங்கள். நாற்காலியில் உட்கார்ந்தாலும் ஒன்றும் குறையாது. பாதம் தரையில் பட வேண்டும், முதுகு சாயக் கூடாது.

கருவிளை:
தூக்கத்துக்கு புத்தரே தன் சீடர் மொக்கல்லானருக்கு வரிசையாக வைத்தியம் சொல்லியிருக்கிறார் (புத்தரின் உரைத் தொகுப்பான அங்குத்தர நிகாயம், ஏழின் தொகுதி). எண்ணத்தை மாற்று, கேட்ட தம்மத்தை (போதனையை) நினை, வாய்விட்டு ஓது, காதைப் பிடித்து இழுத்துக் கைகாலைத் தேய், எழுந்து கண்ணைக் கழுவி நட்சத்திரங்களைப் பார், வெளிச்சத்தை மனதில் கொண்டு வா, நட. எதற்கும் போகாவிட்டால் வலப்பக்கமாகப் படுத்துத் தூங்கு! கடைசியை மறக்காதீர்கள். ஷிஃப்ட் முடித்த உடம்புக்கு வேண்டியது பெரும்பாலும் அதுதான்.

ராத்திரியில் உட்காருவதை விட்டு நடை தியானம் செய்யலாம். மொட்டைமாடியில் பதினைந்து அடி நீளம் போதும். முதலில் இடது, வலது மட்டும். வேகம் குறைந்ததும் தூக்குதல், நகர்த்துதல், வைத்தல். திரும்பும்போதுதான் கவனம் தப்பும், ஆகவே திரும்பும் முன் ஒரு மூச்சு நில்லுங்கள். செருப்பு வேண்டாம்.

பகலுக்கு: பாஸ்வேர்ட் அடிக்கும் முன் ஒரு வெளிமூச்சு. சாப்பாட்டில் முதல் ஐந்து கவளம் போனைப் பார்க்காமல், வாயில் இருப்பதை விழுங்கும் வரை அடுத்ததைப் பிசையாமல். நாக்கு இன்னும் ருசி பார்க்கும்போதே விரல்கள் சாம்பாரும் சோறுமாக அடுத்த உருண்டையைத் திரட்டுவது தெரியும். அதைத் தடுக்கக்கூட வேண்டாம், தெரிந்தால் போதும். கோசல மன்னன் பசேனதி வயிறு முட்டத் தின்று மூச்சு வாங்க வந்து நின்றபோது, அளவறிந்து உண்பது பற்றி புத்தர் ஒரு பாடல் சொன்னார். சுதஸ்ஸனன் என்ற இளைஞன் ஒவ்வொரு வேளையும் அதைச் சொல்லச் சொல்ல, அரசன் படிப்படியாக ஒரு நாழி அரிசிச் சோற்றுக்கு இறங்கினானாம்.

வேப்பம்பூ:
நன்றி. வயிற்றையே எடுத்துக்கொள்கிறேன். பத்து நாள் விபாசனா தியான முகாமுக்கு இப்போதே போகலாமா?

அரசமரத்தடி:
சென்னைக்குப் பக்கத்தில் திருமுடிவாக்கத்தில் தம்ம சேது என்ற விபாசனா மையம் இருக்கிறது. ஆசிரியர் எஸ்.என். கோயங்காவின் மரபு. அதிகாலை 4 மணிக்கு எழுப்புவார்கள், பேச்சு கிடையாது, போனை வாங்கி வைத்துக்கொள்வார்கள், கட்டணம் இல்லை. முதல் மூன்று நாளும் ஆனாபானசதிதான், அதுவும் மூக்கில். வயிற்றில் பழகியிருந்தாலும் அந்தப் பத்து நாளும் அவர்கள் வழியையே பின்பற்ற வேண்டும். மனநோய்க்கோ கடும் மனச்சோர்வுக்கோ சிகிச்சை எடுப்பவர்கள் விண்ணப்பத்தில் மறைக்காமல் எழுதி, டாக்டரிடமும் கேட்டுவிட்டே போக வேண்டும். மாத்திரையைத் தானாக நிறுத்திவிட்டுப் போவது ஆபத்து. கால் சரியாக ஆகாவிட்டால் நாற்காலி தேவை என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.