புதுப் பூச்சுச் சுவரில் ஓதம்: பட்டி பார்க்கலாமா, பொறுக்க வேண்டுமா?

நாகை_புதுவீடு:
வணக்கம். நாகப்பட்டினம் பக்கம் தரைத்தள வீடு. 9 அங்குலச் செங்கல் சுவர், உள்பூச்சு சிமெண்ட்-மணல் 1:5. ஐப்பசி மழையோடு பூச்சு முடிந்து ஆறு வாரம் ஆகிறது. தரையிலிருந்து இரண்டடி வரை சுவர் கறுத்தே நிற்கிறது. அந்தக் கறையின் விளிம்பில் வெள்ளையாகப் பொடி பூக்கிறது. குளியலறையை ஒட்டிய சுவரில் இன்னும் அதிகம். தை மாதம் கிரகப்பிரவேசம். 28 நாள் தாண்டிவிட்டதால் பட்டி பார்த்துப் பெயிண்ட் அடிக்கலாம் என்கிறார் மேஸ்திரி. அடிக்கலாமா?

கட்டுமானன்:
வேண்டாம் சார். 28 நாள் என்பது சிமெண்ட் பலம் ஏறுவதற்கான கணக்கு. சுவர் காய்வதற்கும் அதற்கும் சம்பந்தமில்லை. செங்கலை நனைத்துக் கட்டி, கியூரிங்கும் (தண்ணீர் விட்டு நனைத்து வைப்பது) செய்து, மேலே மழையும் பெய்தால் 9 அங்குலச் சுவர் குடித்த தண்ணீர் வெளியேற மாதங்கள் ஆகும். அதற்குள் பட்டி வைத்தால் உப்பு அதன் பின்னால் சேர்ந்து, தகடு தகடாகப் பெயர்த்துத் தள்ளும்.

முதலில் தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று பாருங்கள். சுவரைத் தூசு போகத் துடைத்து, ஒன்றரை அடி சதுரமுள்ள பாலிதீன் தாளை நான்கு பக்கமும் டேப் போட்டு ஒட்டுங்கள். தரையிலிருந்து அரை அடியில் ஒன்று, மூன்றடியில் ஒன்று, ஆறடியில் ஒன்று. 24 மணி நேரம் கழித்துத் தாளின் உட்புறம் மூன்றிலும் ஒரே அளவு வேர்த்திருந்தால் கட்டுமான ஈரம். காற்றோட்டம் கொடுத்துக் காத்திருந்தால் போதும். கீழே மட்டும் வேர்த்தால் தரை ஓதம், அதாவது மண்ணிலிருந்து சுவரில் ஏறும் ஈரம். தாளின் வெளிப்புறம் வேர்த்தால் அறைக் காற்றின் ஈரம்.

குழாய்க்காரர்:
குளியலறைச் சுவரைத் தனியாகச் சோதியுங்கள். எல்லாக் குழாயையும் மூடி, லைனில் பிரஷர் பம்ப் மாட்டி அழுத்தம் ஏற்றி ஒரு மணி நேரம் விடுங்கள். முள் இறங்கினால் சுவருக்குள் கசிவு. இறங்காவிட்டாலும் நிம்மதி அடைய வேண்டாம், கழிவுநீர் லைன் இந்தச் சோதனையில் தெரியாது. தரை வடிகாலை அடைத்து இரண்டு அங்குலம் தண்ணீர் கட்டி, மட்டத்தைப் பென்சிலால் குறித்து ஒரு நாள் பாருங்கள்.

ஓதம்_கவனி:
கீழே மட்டும் ஈரம் என்றால் வெளியே போய்ப் பாருங்கள். பெரும்பாலும் வெளிப்பூச்சைப் பெல்ட்டுக்கு (அடித்தளத்தின் மேல் சுற்றிலும் போடும் கான்கிரீட் பட்டை) கீழே மண் வரை இழுத்து விட்டிருப்பார்கள். பெல்ட் மேல் ஓதத் தடுப்பு (மண் ஈரம் மேலே ஏறாமல் போடும் நீர்ப்புகா அடுக்கு) போட்டிருந்தாலும், அந்தப் பூச்சு வழியாக ஈரம் அதைத் தாண்டி ஏறிவிடும். தோட்ட மண்ணைப் பெல்ட் உயரத்துக்கு நிரப்பினாலும் அதே கதிதான். மண் மட்டம் ஓதத் தடுப்புக்கு அரை அடியாவது கீழே இருக்க வேண்டும். பூச்சை ஓதத் தடுப்பு மட்டத்தோடு வெட்டி நிறுத்துங்கள்.

ஓதத் தடுப்பே இல்லையென்றால் சிலேன் பசை (சுவருக்குள் பரவி ஈரம் ஏறாமல் தடுக்கும் ரசாயனம்) ஏற்றுவதுதான் வழி. தரைக்குச் சற்று மேலே, கலவை இணைப்பு வரிசையில் 12 மி.மீ. துளை, 12 செ.மீ. இடைவெளி, 23 செ.மீ. சுவருக்கு 19 செ.மீ. ஆழம்.

கட்டுமானன்:
சிலேனுக்கு இப்போதே போக வேண்டாம். மழைக்காலம் முடிந்து இரண்டு மூன்று மாத வெயில் பட்ட பிறகும் கறை இறங்காவிட்டால் செய்யலாம். ஈரம் ததும்பும் புதுச் சுவரில் எது கட்டுமான ஈரம், எது தரை ஓதம் என்று உறுதியாகப் பிரிப்பது கடினம். நீர்ப்புகாத் திரவம் சேர்த்து மறுபூச்சு போடும் யோசனையும் அப்படியே. சிமெண்ட் மூட்டைக்கு 200 மி.லி. என்று கலந்து பூசுவார்கள். கீழிருந்து ஈரம் ஏறுவதை நிறுத்தாமல் அதை மட்டும் செய்தால் ஓதம் இன்னும் மேலே ஏறிக் கறை மூன்றடியில் தெரியும்.

சுண்ணாம்பு_அடி:
வெள்ளைப் பொடியைத் தண்ணீர் விட்டுக் கழுவவே கூடாது, கரைந்து மறுபடி உள்ளே போய்விடும். காய்ந்த பிரஷால் தேய்த்து முறத்தில் வாங்கி வெளியே கொட்டுங்கள். வாரம் ஒரு முறை போதும். பூப்பது வாராவாரம் குறைந்தால் சுவர் காய்கிறது என்று அர்த்தம். குறையவே இல்லையென்றால் தண்ணீர் இன்னும் வருகிறது. போர் தண்ணீரில் கியூரிங் செய்திருந்தால் உப்பு அதிகம் இருக்கும், கடலோரத்தில் குறிப்பாக.

கிரகப்பிரவேசத்துக்குச் சுண்ணாம்பு அடித்துவிடுங்கள். ஒரு கிலோ கல் சுண்ணாம்புக்கு 5 லிட்டர் தண்ணீர். நீற்றி ஒரு நாள் வைத்து, துணியில் வடிகட்டி, மெல்லிசாக இரண்டு கை. நீற்றும்போது கொதித்துத் தெறிக்கும், கண்ணுக்குக் கண்ணாடி போட்டுக்கொள்ளச் சொல்லுங்கள். சுவர் மூச்சு விடும், உள்ளிருக்கும் ஈரம் தடையில்லாமல் வெளியேறும். பிறகு பட்டி வைக்கும் முன் அதைச் சுரண்டி எடுத்துவிட வேண்டும், இல்லையென்றால் பட்டி பிடிக்காது.

நாகை_புதுவீடு:
தாள் ஒட்டிப் பார்த்தேன். அரை அடியில் மட்டும் சொட்டுகிறது, மற்ற இரண்டும் லேசாகத்தான் வேர்த்திருக்கின்றன. வெளிப்பூச்சும் மண் வரை இறங்கியிருக்கிறது. முதலில் அதை வெட்டச் சொல்கிறேன். குளியலறையில் தண்ணீர் கட்டி வைத்திருக்கிறேன்.