வட கொரியா அண்டர்-17 பொண்ணுங்க டீம் எப்படி இவ்ளோ கப் அடிக்கிறாங்க?

மல்லி_கிக்:
மொராக்கோல நடந்த 2025 அண்டர்-17 பெண்கள் வேர்ல்ட் கப் ஹைலைட்ஸ் இப்பதான் உக்காந்து பாத்தேன், அசந்து போயிட்டேன். குரூப்ல நெதர்லாந்த 5-0, குவாட்டர்ல ஜப்பான 5-1, செமில பிரேசில 2-0, ஃபைனல்ல திரும்பவும் அதே நெதர்லாந்து வந்து 3-0. ஜப்பானயே இப்படி அடிக்க முடியுமா? யூ ஜோங்-ஹ்யாங்ங்கிற பொண்ணு மட்டும் 8 கோல், கோல்டன் பால் (சிறந்த பிளேயர்) கோல்டன் பூட் (அதிக கோல்) ரெண்டுமே அவளுக்குத்தான். இந்த டீமோட பழைய கதை எனக்குத் தெரியாது. எப்ப இருந்து இப்படி ஆடுறாங்க, இவ்ளோ நல்ல பிள்ளைங்க இருந்தும் சீனியர் வேர்ல்ட் கப்ல ஏன் இந்த நாட்டு பேரே காணோம்? "அங்க ஆர்மி ட்ரெயினிங்"னு ஒரே வரில முடிச்சிடாதீங்க ப்ளீஸ்.

திண்டுக்கல்_டிஃபென்டர்:
நல்ல கேள்வி. இந்த போட்டி ஆரம்பிச்ச வருஷத்துலயே அவங்கதான் சாம்பியன். 2008 நியூசிலாந்து, ஃபைனல்ல எதிர்ல அமெரிக்கா. ஆட்டம் தொடங்குனதும் கோல்கீப்பர் தப்பால செல்ஃப் கோல், அந்த வயசு பிள்ளைங்கன்னா அங்கயே மனசு விட்டுருக்கும், இவங்க விடாம ஆடி செகண்ட் ஹாஃப்ல சமன் பண்ணி எக்ஸ்ட்ரா டைம்ல 2-1ன்னு முடிச்சாங்க. 2010 டிரினிடாட்ல செமில ஜப்பான் கிட்ட தோத்தாங்க, அதுல ஜப்பான் பிளேயர் யோகோயாமா ஒருத்தரா பால எடுத்துட்டு போய் டிஃபென்டர்கள ஒவ்வொருத்தரா தாண்டி அடிச்ச கோல் இருக்கே, அத தேடிப் பாருங்க, தோத்தவங்க மேலயும் குத்தம் சொல்ல முடியாது. அந்த வருஷம் கப் அடிச்சது தென் கொரியா.

2012 அஜர்பைஜான் ஃபைனல்தான் எனக்கு இன்னும் வலிக்குது. பிரான்ஸோட 1-1, பெனால்டில 6-7. ஆனா அதே பெனால்டிதான் 2016 ஜோர்டான்ல கைகொடுத்துச்சு, ஜப்பானோட கோலே இல்லாம போய் 5-4. 2024 டொமினிகன் ரிபப்ளிக்ல ஸ்பெயின் முதல்ல கோல் போட்டும் கொஞ்ச நேரத்துலயே ஜோன் இல்-சோங் திருப்பி அடிச்சா, அப்புறம் பெனால்டில 4-3. 2025ஓட சேத்து மொத்தம் நாலு கப், வேற எந்த நாட்டுக்கும் இவ்ளோ கிடையாது, அடுத்தது ஸ்பெயின் ரெண்டு.

நடுவுல சறுக்கலும் இருக்கு. 2014ல குரூப்லயே வெளிய, 2018ல குவாட்டர்ல ஸ்பெயின் கிட்ட பெனால்டில தோல்வி.

இன்னொன்னு, 2016லயும் 2024லயும் அண்டர்-20 கப்பும் அவங்களுக்குத்தான். ஒரே வருஷத்துல ரெண்டு வயசு பிரிவும், அதுவும் ரெண்டு தடவ! 2024 அண்டர்-20 ஃபைனல்ல ஜப்பான 1-0ன்னு ஜெயிச்சப்ப அந்த ஒரு கோல் அடிச்சது சோ இல்-சோன். அண்டர்-20ல 2006லயே சீனாவ 5-0ன்னு அடிச்சு கப் வாங்குனவங்க, அதனால இது திடீர்னு முளைச்ச டீம் இல்ல.

ஆஃப்சைட்_அன்பு:
எல்லாம் சரி, ஆனா 2011ல நடந்தத யாரும் பேசல. ஜெர்மனி சீனியர் வேர்ல்ட் கப்ல அஞ்சு பேர் ஊக்கமருந்து டெஸ்ட்ல மாட்டுனாங்க, மின்னல் தாக்குனதுக்கு கஸ்தூரி மான்ல இருந்து எடுத்த நாட்டு மருந்து குடுத்தோம்னு விளக்கம் சொன்னாங்க. 2015 வேர்ல்ட் கப்ல ஆட தடை. அந்த நாட்டு டீம் ஜெயிச்சா எனக்கு முழு மனசா கைதட்ட வரல. வயசு விஷயத்துலயும் டவுட் இருக்கு.

திண்டுக்கல்_டிஃபென்டர்:
2011 நடந்தது உண்மை, தண்டனையும் அனுபவிச்சாங்க. அதுக்கு 2025ல ஆடுற பொண்ணு என்ன பண்ணுவா, அப்ப அவளுக்கு ரெண்டு மூணு வயசு இருந்திருக்கும். வயசு பத்தி ஆதாரம் இருந்தா போடுங்க, இல்லன்னா பதினாறு வயசு பிள்ளைங்க மேல சும்மா பழி போடாதீங்க அன்பு.

கோச்_செல்வி:
நான் ஸ்கூல் பொண்ணுங்களுக்கு ஃபுட்பால் சொல்லிக் குடுக்கிறவ, அந்த பக்கத்துல இருந்து சொல்றேன். 2013ல பியோங்யாங்ல இன்டர்நேஷனல் ஃபுட்பால் ஸ்கூல்னு ஒன்னு தொடங்குனாங்க, நாடு முழுக்க சின்ன வயசுலயே பிள்ளைங்கள தேடி எடுத்து அங்கயே தங்க வச்சு படிப்பும் ஆட்டமும் சொல்லித் தராங்க, பொண்ணுங்களும் உண்டு. "ஏப்ரல் 25"ங்கிற பேர்ல இருக்கிற ஆர்மி கிளப் மாதிரி கிளப்புகள் எல்லாம் அரசாங்கத்தோடதுதான். அதனால நேஷனல் கேம்புக்கு பிளேயர விட மாட்டேன்னு எந்த கிளப்பும் சொல்லாது, மாசக்கணக்குல ஒன்னாவே இருக்காங்க. ஐரோப்பா டீம் எல்லாம் போட்டிக்கு கொஞ்ச நாள் முன்னாடிதான் கூடும். அந்த வித்தியாசம் பால் இழந்த உடனே தெரியும். மத்த டீம்ல ஒரு பொண்ணு ப்ரெஸ் பண்ண, அதாவது பால பறிக்க ஓடுவா, மிச்ச பேர் பாத்துட்டு நிப்பாங்க, இங்க ஒருத்தி கிளம்புனா பக்கத்துல இருக்கிற மூணு பேரும் அதே நொடில பாஸ் போற வழிய அடைச்சிடுறாங்க. உடம்பு பலத்தால மட்டும் வர்றது இல்ல இது, சேந்து ஆடி ஆடி வர்றது. நான் என் பிள்ளைங்களுக்கு அவங்க மேட்ச் போட்டுக் காட்டுறதே இதுக்காகத்தான்.

சீனியர்ல காணோம்னு கேட்டீங்கல்ல மல்லி, கடைசியா ஆடுன வேர்ல்ட் கப் அந்த 2011தான். 2015 தடை. 2019க்கு வழி 2017லயே போச்சு, பியோங்யாங்லயே தென் கொரியாவோட 1-1 ட்ரா ஆகி கோல் வித்தியாசத்துல ஆசியக் கோப்பை குவாலிஃபயர்லயே வெளிய. அப்புறம் கொரோனா, எல்லைய மூடிட்டு எந்த போட்டிக்கும் டீம் அனுப்பல, 2023 அதோட போச்சு. திரும்பி வந்து 2023 ஏசியன் கேம்ஸ்ல சில்வர் வாங்குனாங்க, பாரிஸ் ஒலிம்பிக் வாய்ப்ப ஜப்பான் கிட்ட 2-1ல விட்டாங்க.

எனக்கு மனசு கஷ்டமா இருக்கிறது இதுதான்: அந்த கொரோனா வருஷங்கள்ல பதினாறு வயசா இருந்த பொண்ணுங்க. 2022 அண்டர்-17 பெண்கள் வேர்ல்ட் கப் நம்ம இந்தியாவுலதான் நடந்துச்சு, அதுக்கு வட கொரியா ஆசியால இருந்து தகுதியான நாடு, விலகுனதும் சீனா வந்துச்சு. புவனேஸ்வர், கோவா, நவி மும்பைல எங்கயாவது ஒரு இடத்துல நாம அவங்கள நேர்லயே பாத்திருக்கலாம். அந்த வயசு திரும்ப வருமா?

மல்லி_கிக்:
அய்யோ, 2022 விஷயம் எனக்கு தெரியவே தெரியாது அக்கா. நம்ம டீம் அப்ப அமெரிக்கா கிட்ட 8-0 தோத்தது மட்டும்தான் ஞாபகம் இருக்கு.

கோச்_செல்வி:
மொராக்கோ கிட்ட 3-0, பிரேசில் கிட்ட 5-0, ஒரு கோல் கூட அடிக்கல. ஆனா அந்த பிள்ளைங்கள குறை சொல்லாதீங்க, வருஷம் முழுக்க ஆடுறதுக்கு அவங்களுக்கு லீக் எங்க இருந்துச்சு? இப்ப நம்ம அண்டர்-17 பொண்ணுங்க 2025 அக்டோபர்ல உஸ்பெகிஸ்தான 2-1ன்னு ஜெயிச்சு ஆசியக் கோப்பைக்கு போயிருக்காங்க, 2005க்கு அப்புறம் இப்பதான். அந்த மேட்ச்ச கண்டிப்பா பாருங்க.

ஆஃப்சைட்_அன்பு:
வயசு பத்தி சொன்னத விடுறேன், ஆதாரம் என்கிட்ட இல்ல. 2011 பத்தி சொன்னதுல மாத்தம் இல்ல. அந்த ஜப்பான் 5-1 மேட்ச் முழுசா எங்க கிடைக்கும், லிங்க் இருந்தா போடுங்க.